ஸ்பான்சர் என்றால் உபயதாரர் இல்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக உள்ளங்கால் எரிச்சல். ராத்திரி ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் படுக்கிறார். வேறொரு நோய்க்காக ஏற்கெனவே கடையில் விற்கும் ஒரு மாத்திரை இந்த எரிச்சலுக்குக் கேட்குமா என்று நாங்கள் காட்டும் மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வு நடக்கிறதாம். அப்பாவைச் சேரச் சொல்லிப் பதினான்கு பக்கத் தமிழ்ப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அந்த மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, குலுக்கல் முறை என்கிறார்கள். 'ஸ்பான்சர்' என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. "அப்பாவை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று அண்ணன் சண்டை போடுகிறான். அப்பாவோ, "டாக்டர் தங்கமான மனுஷன், எங்கே கையெழுத்துப் போடணும்?" என்கிறார். பல்கலைக்கழகம் ஸ்பான்சர் என்றால் என்ன அர்த்தம்? பின்னால் கம்பெனி இருக்குமா? நம்பிச் சேரலாமா?
— தென்காசி மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அதனால் வந்ததுதான் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஸ்பான்சர் என்றால் கோயில் கொடை நோட்டீஸில் 'அன்னதானம் உபயம்' என்று பெயர் போட்டுக்கொள்கிறவர், இல்லாவிட்டால் கிரிக்கெட் சட்டையில் பெயர் எழுதிக்கொள்ளும் கம்பெனி. காசு கொடுத்தவர், அவ்வளவுதான். மருத்துவ ஆய்வில் ஸ்பான்சர் என்பவர் பொறுப்பாளி. ஆய்வைத் தொடங்குவதும், ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதும், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்வதும் அவர் வேலை. கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். பந்தல் சரிந்தால் எல்லாரும் தேடுவது பெண்ணின் அப்பாவைத்தான். உங்கள் படிவத்தில் ஸ்பான்சர் என்ற இடத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் அந்தப் பெண்ணின் அப்பா.

மொய் யாருடையது என்பது தனிக் கேள்வி. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணமாக இருக்கலாம், அரசு நிதியாக இருக்கலாம், மாத்திரையை மட்டும் ஒரு கம்பெனி சும்மா கொடுத்திருக்கலாம். இதை நீங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. 2007 முதல் நம் நாட்டில் மருத்துவ ஆய்வுகளுக்கென்று ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் 1 முதல், ஆய்வில் முதல் ஆள் சேருவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். அங்கே ஸ்பான்சர் பெயர் ஓர் இடத்திலும், பணமோ பொருளோ தந்தவர் பெயர் வேறோர் இடத்திலும் தனித்தனியாக இருக்கும். ஆய்வு நியாயமாக நடக்குமா, நோயாளிக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்த்து அனுமதிப்பது நெறிமுறைக் குழு. எந்தக் குழு, எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தது என்பதும் இருக்கும். உங்கள் படிவத்தில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். கம்பெனி மாத்திரை கொடுத்திருந்தால் அதுவே குற்றமில்லை. மறைத்தால்தான் யோசிக்க வேண்டும்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு இந்த வேலை எதற்கு? மருந்தைச் சோதிப்பது மருந்துக் கம்பெனியின் பாடுதானே என்று உங்கள் அண்ணன் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கம்பெனிக்கு லாபம் வராத கேள்விகள் நிறைய இருக்கின்றன. காப்புரிமை காலாவதியான பழைய மாத்திரை ஒன்று புது நோய்க்குக் கேட்கிறது என்று நிரூபித்தால் லாபம் யாருக்கு? அதை நாற்பது கம்பெனிகள் தயாரிக்கும்போது எந்தக் கம்பெனியும் கோடிக்கணக்கில் செலவழித்து அதைப் பார்க்கப்போவதில்லை. அந்த மாதிரிக் கேள்விகளைப் பல்கலைக்கழகங்களும் பொது மருத்துவமனைகளும்தான் கையில் எடுக்கின்றன.

நீங்கள் மறந்திருக்க முடியாத ஓர் உதாரணம் சொல்கிறேன். 2020-ல் கொரோனா வந்தபோது எந்த மருந்து கேட்கும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மார்ச்சில் பிரிட்டனில் 'ரெகவரி' என்றோர் ஆய்வு தொடங்கியது. அதற்கு ஸ்பான்சர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். அவர்கள் சோதித்த மருந்துகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோன், கிராமத்து மெடிக்கல் ஷாப்பில்கூடக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு. ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். 2,104 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஜூன் மாதத்திலேயே விடை வந்துவிட்டது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 41 பேர். டெக்ஸாமெத்தசோன் குழுவில் 29 பேர். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் ஓரளவு பலன். ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்று எண்கள் காட்டின. அந்தக் கடைசி வரியைக் காதில் வாங்காமல் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்து, சர்க்கரை நோயாளிகளை நம்மில் சிலர் என்ன பாடு படுத்தினோம் என்பது வேறு கதை.

அதே ஆய்வில்தான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்கு உதவவில்லை என்பதும் தெரிந்தது. அந்த மாத்திரையை நாம் எப்படித் தேடி அலைந்தோம் என்று நினைவிருக்கும். நானே என் தம்பிக்கு இரண்டு அட்டை வாங்கி அனுப்பினேன். மருந்தியல் பேராசிரியர்!

நம் நாட்டிலும் உண்டு. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுகிறோமே, லிக்னோகெய்ன், அதை மார்பகப் புற்றுக்கட்டியைச் சுற்றி அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்பு போட்டால் என்ன ஆகும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை முன்னின்று பதினோரு மருத்துவமனைகளில் சுமார் 1,600 பெண்களிடம் பார்த்தார்கள். முடிவு 2023-ல் வெளியானது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி போடாத குழுவில் நூற்றுக்கு 86 பேர், போட்ட குழுவில் 90 பேர். மருந்துச் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைவிடக் குறைவு. இதை எந்தக் கம்பெனி சோதித்திருக்கும்?

உங்கள் அப்பாவுக்குச் சொல்லும் ஆய்வும் இந்த ஜாதிதான். 2019-ல் வந்த மருத்துவ ஆய்வு விதிகளில் இதற்கு 'கல்விசார் ஆய்வு' என்று தனிப் பெயரே உண்டு: ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை, புது நோய்க்கோ புது அளவிலோ, அறிவுக்காக மட்டும் சோதிப்பது, முடிவை வைத்து விற்பனை உரிமம் கேட்கக் கூடாது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு டெல்லியில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையின் முன் அனுமதி வேண்டியதில்லை. நெறிமுறைக் குழு அனுமதித்தால் போதும். அதாவது நடுவில் இருப்பது ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் நிற்பவர்கள் தூங்கினால் அவ்வளவுதான்.

அந்த வாசலில் நான் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். குறைந்தது ஏழு பேர். தலைவர் அந்தக் கல்லூரிக்காரராக இருக்கக் கூடாது. பாதிப் பேராவது வெளியாட்கள். ஒரு பெண், ஒரு வக்கீல், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். எங்கள் குழுவில் அந்தச் சாதாரண ஆள், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் அம்மா ஒருவர். நாங்கள் எல்லாம் புள்ளிவிவரத்தில் மூழ்கிக் கிடக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மூணு மாசத்துல ஆறு தடவை வரச் சொல்றீங்களே, பஸ் காசு யார் குடுப்பா?" என்பார். அறை அமைதியாகிவிடும். சேர்ந்த நோயாளிகளில் பாதிப் பேர் நடுவில் நின்றுபோவது எதனால் என்று மூன்று பேராசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் அதுதான்.

இனி குலுக்கல். இங்கே உங்கள் மேல் தப்பில்லை. படிவத்தை மொழிபெயர்த்தவர்கள் மேல்தான். 'சீரற்ற முறையில் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படுவீர்கள்' என்று உங்கள் படிவத்திலும் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஏதோ ஒழுங்கில்லாமல் செய்து, நம்மை ஒதுக்கி வைக்கப்போகிறார்கள் என்றுதான். ஒருமுறை 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று அச்சடித்த படிவத்தை ஒரு பெரியவர் மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு கண்ணும் போயிருமா டாக்டர்?" என்று கேட்டார். யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது என்பதைத்தான் அப்படி எழுதி வைத்திருந்தார்கள்.

ஏன் தெரியக் கூடாது? உங்கள் அப்பாவின் கால் எரிச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் கொஞ்சம் அடங்கும், சித்திரையில் கொதிக்கும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஒரு மாதிரி, கல்யாணப் பந்தி சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒரு மாதிரி. புது மாத்திரை என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் சிலருக்கு வலி குறையத்தான் செய்யும். அது நடிப்பில்லை, உண்மையிலேயே குறையும். ஆகவே எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. அதேபோல, யாருக்கு மருந்து என்று டாக்டர் தேர்ந்தெடுத்தால், பாவம் ரொம்பக் கஷ்டப்படுகிறார் என்று நினைப்பவருக்கே கொடுப்பார். இரண்டு குழுவும் ஒன்றுபோல இருக்காது. காசைச் சுண்டிப் போட்டால்தான் மனுஷ இரக்கம் கணக்கைக் கெடுக்காது.

இந்தக் குலுக்கலுக்குப் பெரிய சாட்சி நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய்க்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் இல்லை, ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு நான்கும் சேர்ந்து. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை. அதற்கு இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். குடிசையில், ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டால் சரியாகுமா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வீட்டுக்கும் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இது வெளியான பிறகு உலகமே காசநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கத் தொடங்கியது. டாக்டர்கள் தங்கள் அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் சானடோரியம் கட்டிக்கொண்டிருப்போம்.

இதுவரை சொன்னதை வைத்து நான் பல்கலைக்கழகத்தின் பக்கம் வக்கீலாகப் பேசுகிறேன் என்று உங்கள் அண்ணன் நினைக்கலாம். இல்லை. கம்பெனி ஆய்வில் இல்லாத சில ஓட்டைகள் கல்லூரி ஆய்வில் உண்டு.

முதல் ஓட்டை, பணப்பை. கம்பெனி நடத்தும் ஆய்வில் காப்பீடு எடுத்திருப்பார்கள். கல்லூரி ஆய்வில் சில இடங்களில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: டாக்டரோ மாணவரோ தானாகத் தொடங்கும் ஆய்வில், அது நடக்கும் நிறுவனமே ஸ்பான்சர், ஆய்வால் கெடுதல் வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் அந்த நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆய்வுக்காக எடுக்கும் சோதனைகளுக்கு நோயாளியிடம் காசு வாங்கவும் கூடாது. ஏட்டில் அப்படி. ஒரு கல்லூரியில், ஆய்வுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நோயாளிகளை கவுண்டரில் பணம் கட்ட வைத்ததை நாங்கள் கண்டுபிடித்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது. திருப்பிக் கொடுக்க வைத்தோம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. லேபுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே அந்தப் பதினான்கு பக்கத்தில் 'இழப்பீடு' என்ற தலைப்புள்ள பத்தியைத் தேடி, அதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். 'தகுந்த முறையில் கவனிக்கப்படும்' என்று மழுப்பியிருந்தால், யார் கவனிப்பார், எந்தப் பணத்தில், எவ்வளவு நாள் வரை என்று எழுதித்தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இது பட்டமேற்படிப்பு மாணவரின் ஆய்வேடா என்பது. அப்படி இருந்தால் தப்பில்லை, நாங்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் மாணவர் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். படிவத்தில் அவருடைய செல்போன் எண் மட்டும் இருந்தால், அப்புறம் யாரைக் கூப்பிடுவீர்கள்? துறைத் தலைவர் அல்லது வழிகாட்டியின் எண்ணும், நெறிமுறைக் குழுச் செயலாளரின் எண்ணும் இருக்க வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கு அப்பாவுக்கு மயக்கம் வந்து உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அவர் சாப்பிடுவது மருந்தா வெறும் மாத்திரையா என்று உடனே சொல்ல ஓர் ஏற்பாடு இருக்கும். அதற்கான எண் எது என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஓட்டை உங்களைச் சுடாது, ஆனால் எனக்கு இதுதான் ரொம்ப உறுத்தும். 2018-ல், ஐரோப்பியப் பதிவேட்டில் இருக்கும் ஆய்வுகளில் எத்தனை முடிவுகளை வெளியிட்டன என்று ஆக்ஸ்போர்டு குழு ஒன்று எண்ணிப் பார்த்தது. கம்பெனிகள் நூற்றுக்கு 68. பல்கலைக்கழகம் போன்ற லாபநோக்கற்ற இடங்கள் நூற்றுக்கு 11. நம் ஊரில் எண்ணிப் பார்த்தாலும் சந்தோஷப்படும்படி இருக்காது என்பது என் ஊகம். நோயாளிகள் வந்து கையை நீட்டி ரத்தம் கொடுத்த பிறகு, ஆய்வேடு நூலகத்தில் தூசி படிந்து கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முடிவு தெரிந்ததும் எங்களுக்கும் சொல்வீர்களா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கிற நோயாளி இருந்தால் எழுதுகிற கை கொஞ்சம் சீக்கிரம் ஓடும்.

அண்ணனின் பயத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். 2009–10-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஒரு தடுப்பூசி ஆய்வில், விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது பெரிய பிரச்சினையாகி ஆய்வே நிறுத்தப்பட்டது. அதன் பிறகு உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போய், 2013 முதல் விதிகள் இறுகின. எலி என்ற சொல் வானத்திலிருந்து விழவில்லை. ஆனால் எலியிடம் யாரும் பதினான்கு பக்கம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வா என்று சொல்வதில்லை. பாதியில் கூண்டைத் திறந்துகொண்டு போகவும் அதற்கு வழியில்லை. அப்பா எந்த நாளும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். அதனால் அவருக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. படிவத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களே, அதுவே எனக்கு நல்ல அடையாளமாகப் படுகிறது.

எனக்கு அண்ணனைவிட அப்பாவைப் பற்றித்தான் கவலை. 'டாக்டர் தங்கமானவர்' என்பதற்காகக் கையெழுத்துப் போடக் கூடாது. தங்கமானவராகவே இருக்கட்டும். ஆனால் இந்த ஆய்வுக்குள் நுழைந்தபின் உங்கள் அப்பாவுக்கு எது நல்லது என்று பார்த்து அவர் மாத்திரை கொடுக்கப்போவதில்லை; குலுக்கலில் வந்தது எதுவோ அது. அதை அப்பா தெரிந்துகொண்டு சேர வேண்டும். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்று மட்டும் கேளுங்கள்: "வெறும் மாத்திரைதான் வந்ததுன்னு பின்னாடி தெரிஞ்சா வருத்தப்படுவீங்களாப்பா?" பரவாயில்லை, என்னைப்போல எரிச்சலில் கிடக்கிறவர்களுக்கு ஒரு விடை கிடைக்கட்டும் என்றால், அவருக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு மருந்துதான் குடுப்பார், எனக்குத் தெரியும்" என்றால் இன்னும் புரியவில்லை, கையெழுத்து வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதில் முக்கியமானது ஒன்று பாக்கி இருக்கிறது. எரிச்சலுக்கு இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? அதைத் தொடர்ந்துகொண்டே கூடுதலாக ஆய்வு மாத்திரை என்றால் வெறும் மாத்திரை வந்தாலும் பெரிய நஷ்டமில்லை. பழையதை நிறுத்திவிட்டுத்தான் என்றால், வலி தாங்க முடியாமல் போனால் என்ன கொடுப்பார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையை, இன்சுலினை, எந்தக் காரணத்துக்காகவும் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால், என் அப்பாவாக இருந்தால் நான் சேர்த்துவிடுவேன். மாத்திரை ஏற்கெனவே பலர் சாப்பிட்டுப் பழகியது, நோயும் உயிர் போகிற அவசரம் இல்லை. பஸ் காசு பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கையெழுத்துப் போட்டதும் அதன் பிரதி ஒன்றை உங்களுக்குத் தர வேண்டும், விதி அப்படி. அதைப் பத்திரம் என்று பீரோவில் பூட்டி வைக்காமல், அப்பாவின் சர்க்கரை நோட்டுக்குள் மடித்து வையுங்கள். நாளை பல் டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.